பொறுப்பாசிரியை

மஃரிபு பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நிஸ்ரின் டீச்சர் முன்னறை ஜன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டு, கிடைக்கிற வெளிச்சத்தில் ஏழாம் வகுப்பின் கணித விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். கேற் கிரீச்சிட்டது. ரியூஷன் முடிந்து மகள் வந்துவிட்டாள் என்று நினைத்து, தலையைத் தூக்காமலே, "கை கால கழுவிட்டு வா. தேத்தண்ணி மேசையில மூடி வெச்சிரிக்கன்" என்றாள். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் விறாந்தைப் படியில் மஸாஹிர் நின்றான். செருப்பைக் கழற்றிச் சோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, கையில் ஒரு பெட்டிப் பேரீச்சம்பழத்தோடு, பிந்தி வந்த பிள்ளை வகுப்பு வாசலில் நிற்பது போல நின்றான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். இருக்கலாமா?"

அவள் சலாத்துக்குப் பதில் சொன்னாள். ஷாலை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் அவன் வரவில்லை. விறாந்தைக் கதிரையின் நுனியில் பதவிசாக உட்கார்ந்தான். அவள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"முஹ்ஸின் நானா இல்லையா?"

"இப்ப வந்துருவார்." கணவன் வர இன்னும் நேரமிருந்தது.

"ஓம் ஓம். ஆனா உப்பளத்து பஸ் இன்னும் பாலாவியத் தாண்டியிருக்காது போல." சிரித்தான். நல்ல சிரிப்பு. எட்டு வயதிலும் அவனுக்கு அதே சிரிப்புத்தான். "சனிக்கிழம பெற்றார் கூட்டம் வெச்சிரிக்கீங்களாம். பொலிஸையும் கூப்பிட்டிருக்கீங்களாம்."

அவள் ஓம் என்றாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

"டீச்சர், நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவல்ல. குமர்ப் பிள்ளைகள் இருக்கிற ஊர். பேப்பர்ல, பேஸ்புக்ல வந்துதெண்டா நாளைக்கு யார் இங்க பொண்ணெடுப்பான்? பிள்ளைகளுக்கு நல்லது செய்யத்தானே நிக்கிறீங்க, அதுக்கு நான் இரிக்கன். என்ட கடைக்கு மேல ஹோல் சும்மா கிடக்கு. ஏசி போட்டது. உங்கட மாலை வகுப்ப அங்க கொண்டு வாங்க. கூட்டத்த மட்டும் விட்டுருங்க."

கடற்களப்புப் பக்கமிருந்து காற்று வந்து விடைத்தாள்களைப் புரட்டியது.

"சிபானாவும் வளர்ந்துட்டா என்ன," என்றான் மஸாஹிர், எழும்பிக்கொண்டே. "தென்னந்தோட்டத்துக் குறுக்குப் பாதையாலதான் ரியூஷனுக்குப் போய் வாறா. நான் நம்மட பொடியன்மார்ட்ட சொல்லி வெச்சிரிக்கன். டீச்சர்ட மகள், கவனமாப் பார்த்துக்கொள்ளுங்க எண்டு."

அவன் கேற்றைத் திறக்கவும் சிபானா சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. "படிப்பெல்லாம் எப்பிடி மகள்?" என்று கேட்டான். "நல்லம் நானா" என்றாள் அவள். பாங்கு சொல்லத் தொடங்கியது. நிஸ்ரின் வாசல் நிலையை விட்டுக் கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் உடனே பிரிந்து வரவில்லை.

*

அவள் துணிச்சல்காரி அல்ல. அதை அவளே யாரிடமும் மறைத்ததில்லை. மன்னாரிலிருந்து முஸ்லிம் சனம் துரத்தப்பட்டுத் தோணியேறிக் கற்பிட்டிக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. அந்தப் பயணத்திலிருந்து அவளுக்கு ஞாபகமிருப்பது உம்மாவின் உடுப்பைப் பிடித்திருந்த தன் கைகள் மட்டும்தான். ஏ.எல். பரீட்சை எடுத்த கையோடு அகதி முகாம் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். பள்ளிக்கூடம் என்றால் கிடுகுக் கொட்டில், மணல் தரை, கரும்பலகையென்று ஒரு கதவு. முதல் நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு வந்து, மணலில் விரலால் 'அ' எழுதச் சொன்னாள். அந்த முதல் வரிசையில் பெரிய சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு இருந்தவன் மஸாஹிர். வாப்பா இல்லாத பிள்ளை. எழுதி முடித்தால் அழிக்க விடமாட்டான். காற்று அழித்துவிடும் என்று இரண்டு கையாலும் எழுத்தைச் சுற்றி மறைத்துக்கொண்டு குந்தியிருப்பான்.

பிறகு நியமனம் வந்தது. மதுரங்குளிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும். ஆசிரியர் கலாசாலை. கல்யாணம். சிபானாவை வயிற்றில் வைத்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் புத்தளத்துக்குப் போய்ப் படித்து எடுத்த பட்டம். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்து, கணிதம் படிப்பித்து, இடைநிலைப் பிரிவுக்குப் பகுதித் தலைவியாகி, ஆலோசனை வழிகாட்டல் டிப்ளோமா ஒன்றும் செய்து, அந்தப் பொறுப்பையும் வாங்கினாள். ஒவ்வொரு புது வேலையின் முதல் நாளும் அதே பயம்தான். கல்விப் பணிப்பாளர் பார்வையிட வந்தால் சோக்கு கையில் உடையும். ஆனால் அந்தப் பயங்களுக்கெல்லாம் ஒரு முடிவு இருந்தது. பத்து நிமிடம் படிப்பித்தால் போய்விடும்.

மாலைக் கற்றல் திட்டம் அவளே தொடங்கியது. வாப்பா கடலிலும் உம்மா குவைத்திலும் என்று இருக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டால் எங்கே போவது? முதலில் பூவரச மரத்துக்குக் கீழே கொஞ்சப் பேரை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்யவைத்தாள். இப்போது பிரதான மண்டபம் நிறைகிறது. வேறு ஆசிரியர்களும் முறை வைத்து நிற்கிறார்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்து படமெடுத்துப் போனார்கள். அந்தத் திட்டத்தைக் காட்டித்தான் ஆசிரிய ஆலோசகர் பதவிக்கான நேர்முகத்துக்கும் போய் வந்தாள். புத்தளம் பணிமனையில் மேசை, பாடசாலை பாடசாலையாகப் போய் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிற வேலை. ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுக் கிடைக்காதது.

அந்தத் திட்டத்தின் ஒரு பின்னேரத்தில்தான், பத்தாம் வகுப்பு அஃப்ராஸ் கவராயத்தின் முனையால் தன் முழங்கையைக் கீறத் தொடங்கினான்.

கணிதத்தில் அவனைப் போல ஒருவனை அவள் அண்மையில் கண்டதில்லை. கொஞ்ச நாளாக மெலிந்துகொண்டு போனான். பரீட்சைக்காக முழித்திருந்து படிக்கிறான் என்று நினைத்தாள். அன்றைக்குப் பக்கத்திலிருந்த பிள்ளை "டீச்சர்!" என்று கத்தத் திரும்பிப் பார்த்தாள். இரத்தம் வடிந்து கேத்திரகணிதக் கொப்பியை நனைத்திருந்தது. அவன் நிறுத்தவில்லை. "தோலுக்குள்ள எறும்பு ஓடுது டீச்சர். எடுத்து விடுங்க டீச்சர்" என்றான். கண்கள் இமைக்கவேயில்லை.

திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் கைகள் இரண்டையும் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் தானாகவே சொல்லிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடப் பின்கேற்றால வருவாங்க. மஸாஹிர் நானாட பொடியன்மார். முதல்ல சும்மாதான் தந்தாங்க. இதப் போட்டா நித்திர வராது, விடிய விடியப் படிக்கலாம் எண்டாங்க. உண்மைதான் டீச்சர், முழுப் பாடத்தையும் ஒரே இரவுல முடிச்சன். திரீவீலர்க்காரனுக்குக் கேட்டிருக்குமோ என்று அவள் முன் கண்ணாடியைப் பார்த்தாள். ஓட்டுகிறவன் றேடியோவைக் கூட்டி வைத்தான்.

ஆஸ்பத்திரியில் இளம் சிங்கள டொக்டர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை நிஸ்ரின்தான் அஃப்ராஸின் உம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். றஹ்மத் உம்மா கருவாட்டு வாடியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கைகளில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது. "ஐஸ் பாவிச்சிருக்கானாம்" என்றபோது அவளுக்கு விளங்கவில்லை. "ஐஸா? மீனுக்குப் போடுற ஐஸா டீச்சர்? அதத் திண்டா காய்ச்சல்தானே வரும்?" அது போதைப்பொருள் என்று விளங்கியதும் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நிஸ்ரினின் காலைப் பிடித்தாள். "ஒருத்தர்ட்டயும் சொல்லிப்போடாதீங்க டீச்சர். என்ட மவன்ட பேர வெளியில விட்டுராதீங்க. அவனுகள் கொன்று போட்டுருவானுகள்."

பெயர் எதையும் சொல்லாமல்தான் நிஸ்ரின் கூட்டத்தை வைத்தாள். பொதுவாக, போதைப்பொருள் விழிப்புணர்வு என்று. அதற்கே மஸாஹிர் பேரீச்சம்பழத்தோடு வந்துவிட்டான். சொன்னது யார்? திரீவீலர்க்காரனா, ஆஸ்பத்திரியில் யாருமா, பொலிஸில் அவள் கதைத்த ஆளா? யார் யாருக்கு வேண்டியவர் என்று யோசிக்கத் தொடங்கினால் ஊரில் ஒரு முகமும் மிஞ்சவில்லை.

*

அடுத்த நாள் பள்ளிக்கூட அதிபர் செய்னுலாப்தீன் சேர் அவளைக் கூப்பிட்டார். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. மேசையில் இருந்த உறையை அவள் பக்கம் தள்ளினார். ஆசிரிய ஆலோசகர் நியமனம்.

"முபாரக், டீச்சர். நான் திங்கக்கிழமையே விடுவிக்கிறன்."

"மாலைத் திட்டம் சேர்?"

"அதுக்கு மஸாஹிர் ஹோல் தாறாராம். அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் அவர்தானே. பொறுப்பா நடத்துவார்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதீங்க," என்றார் மெல்ல. "தெரியும். எனக்கும் பயம்தான். அதச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. வெளியால பார்க்கிறவன் இத முகாம் ஆக்கள்ட பிரச்சின எண்டு சொல்லிட்டுப் போயிருவான். நீங்களும் அவனும் ஒரே முகாம். ஒண்டு நடந்தா உங்களுக்காக இங்க யாரும் எழும்ப மாட்டாங்க. அல்லாஹ் ஒரு வாசல் துறந்து தந்திருக்கான். போங்க."

கணவன் முஹ்ஸினும் அதைத்தான் சொன்னான். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் இருந்து கதைத்தான். "ஓடி ஒளியச் சொல்லல்ல நான். இது நீ உழைச்சு எடுத்த பதவி. களவெடுத்ததா?" அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அப்ப என்ன?" அவன் உப்பில் வெடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். மஸாஹிரின் ஹோலில், ஏசிக் குளிரில், வரிசையாகப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பது கண்ணில் வந்தது. அஃப்ராஸின் இடத்தில் வேறொரு பிள்ளை. அடுத்த கணமே குறுக்குப் பாதையில் சிபானாவின் சைக்கிள் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் சின்னச் சின்ன விசயங்கள் மாறின. தொலைபேசி அடித்தால் அவள் ஓடிப்போய் எடுத்தாள்; யாராவது பேச ஒரு கணம் தாமதித்தாலே சிபானா எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். வகுப்பில் பலகைக்கு முகத்தைக் கொடுத்து எழுத முடியாமல், பக்கவாட்டில் திரும்பி எழுதினாள். சிபானா மட்டும் ஒன்றும் தெரியாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். தெரியக்கூடாது என்று நிஸ்ரின்தான் சொல்லாமல் விட்டிருந்தாள். "ரியூஷனுக்குப் பெரிய ரோட்டால போ" என்றதற்கு, "ஏன் உம்மா, சுத்துத்தானே" என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

வியாழக்கிழமை சிபானா வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. நிஸ்ரின் கேற்றடியில் நின்று பார்த்தாள். பிறகு வீதிக்கு வந்தாள். பிறகு, எப்படி என்று தெரியாமல், தென்னந்தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு மணலில் புதைந்து கழன்றதை எடுக்க நிற்கவில்லை. காய்ந்த ஓலைகள் காலுக்குக் கீழே முறிந்தன. மகளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. வளைவு திரும்பியதும் சைக்கிள் கிடந்தது. சில்லு மேலே பார்த்தபடி.

சிபானா ஒரு தென்னையடியில் குந்தியிருந்தாள். சங்கிலி கழன்றுவிட்டதாம். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். அவளுக்கு முன்னால் இரண்டு வாலிபர்கள் குனிந்து சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து நிஸ்ரினைப் பார்த்தான். அவளிடம் படித்தவன் அல்ல. எங்கோ கண்ட முகம்.

"ஏன் டீச்சர் இப்பிடி ஓடி வாறீங்க?" என்றான் அன்பாக. "பயப்பட ஒண்டுமில்ல. நாங்க பார்த்துக்கொண்டுதானே இரிக்கம்."

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியதும் நிஸ்ரின் மகளின் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். எண்ணெய் போன பிறகும் கழுவிக்கொண்டேயிருந்தாள். "உம்மா, நோகுது" என்று சிபானா சொல்லும் வரைக்கும். அன்றைக்கே அவள் முஹ்ஸினிடம் சொன்னாள்: "நான் புத்தளத்துக்குப் போறன். எடுக்கிறன் அந்த வேலைய." அவன் அல்ஹம்துலில்லாஹ் என்றான். இருவரும் அதற்குமேல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

கூட்டத்தை நிறுத்த முடியவில்லை, பெற்றாருக்கு அறிவித்தாகிவிட்டது. பிரியாவிடை போல நடத்தி முடித்துவிடலாம் என்றார் அதிபர். பொலிஸிலிருந்து யாரும் வரவில்லை. வேறு கடமை என்று கடைசி நேரத்தில் சொல்லி அனுப்பினார்கள். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். மஸாஹிர் முன்வரிசையில், அபிவிருத்திச் சங்கத்துக்கென்று போட்ட கதிரையில் இருந்தான். வெள்ளைச் சேட். நல்ல அத்தர் மணம் மேடை வரை வந்தது.

அதிபர் பேசினார். நிஸ்ரின் டீச்சர் பதவி உயர்வு பெற்றுப் போகிறார் என்றார். சனம் கை தட்டியது. மாலைத் திட்டத்துக்குச் சகோதரர் மஸாஹிர் மண்டபம் தருகிறார் என்றார், அதற்கும் தட்டியது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் றஹ்மத் உம்மா இருப்பதை நிஸ்ரின் கண்டாள். அவள் கை தட்டவில்லை. கைகளை மடியில் வைத்து, ஒன்றை மற்றது பிடித்துக்கொண்டு இருந்தாள், விட்டால் எங்காவது போய்விடும் போல.

நிஸ்ரின் எழும்பி மைக்கின் முன்னால் வந்தாள். சொல்ல வேண்டியது மனப்பாடம்: நன்றி, துஆச் செய்யுங்கள், பிள்ளைகளைக் கவனியுங்கள். மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தபோது மைக் கீச்சிட்டது. அவள் நிறுத்தினாள். திரும்பத் தொடங்கினாள். மண்டபத்தில் சலசலப்பு அடங்கவில்லை. முன்வரிசையில் மஸாஹிர் பக்கத்திலிருந்தவர் பக்கம் சாய்ந்து எதையோ சொல்லிச் சிரித்தான்; போனைக் காட்டினான்; இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவளின் வாய் அது. அவளைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை.

"மஸாஹிர். எழும்பு."

அவன் எழும்பிவிட்டான். போன் மடியிலிருந்து வழுக்கி விழுந்தது. கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றான், முகம் கொஞ்சம் திறந்தபடி. எழும்பிய பிறகுதான் தான் எழும்பியது அவனுக்குத் தெரிந்தது போலிருந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. மண்டபத்தில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

இனி என்ன சொல்வதென்று நிஸ்ரினுக்குத் தெரியவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்லப் பழையபடி மூடிக்கொண்டு வந்தது. மூடி முடிவதற்குள் எதையாவது சொல்ல வேண்டும்.

"பின்கேற்றுத் துறப்பு ஒண்டு உன்ட கையில இரிக்கு," என்றாள். "கொண்டு வந்து வை."

சங்கச் செயலாளரென்று எப்போதோ அவனிடம் கொடுத்த சாவி. மண்டபம் மொத்தமும் அவன் காற்சட்டைப் பையைப் பார்த்தது. அவன் சிரித்தான். சாவிக் கொத்திலிருந்து ஒன்றை ஆறுதலாகக் கழற்றினான். மேடைக்கு வந்து மேசையில், அவள் ஊன்றியிருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தான். வைக்கும்போது குனிந்தான். அத்தர் மணம் மூக்கில் அடித்தது.

"இதுக்கா டீச்சர்?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "சொல்லியிருந்தா சிபானாட்ட குடுத்தனுப்பியிருப்பனே."

அவன் போய் உட்காரவில்லை. நடுவழியால் நடந்து, வழியில் சிலருக்குச் சலாம் சொல்லி, வெளியே போனான். ஆண்கள் பக்கத்திலிருந்து இன்னும் சிலர் எழும்பிப் போனார்கள்.

நிஸ்ரின் சாவியை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "மாலை வகுப்பு இங்கதான் நடக்கும்," என்றாள். "ஒருத்தர்ட ஹோல்லயும் இல்ல. நானும் ஒரு இடமும் போகல்ல." அந்தக் கடைசி வசனத்தை அவளும் மற்றவர்களோடு சேர்ந்துதான் முதன்முதலில் கேட்டாள். அதிபர் தலையைக் குனிந்து நெற்றியைத் தடவினார். "பின்னேரத்துல பின்கேற்றடியில பெரியாக்கள் இருக்க வேணும். சும்மா இருந்தாக் காணும். யாராவது வாறீங்களா?"

ஒருவரும் கையை உயர்த்தவில்லை. யாரோ இருமினார்கள். ஒரு பெண் பிள்ளையின் தொப்பியைச் சரி செய்தாள். றஹ்மத் உம்மா எழும்பினாள். நிஸ்ரினின் நெஞ்சு ஒரு கணம் மேலே வந்தது. றஹ்மத் உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கதவால் வெளியே போய்விட்டாள்.

*

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றான் முஹ்ஸின். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உப்பளத்தில் பின்னேர வேலையை விட்டுவிட்டு, சிபானாவைத் தானே ரியூஷனுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வரத் தொடங்கினான். மகளுக்கும் இப்போது தெரியும். அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். வலயப் பணிமனையிலிருந்து பணிப்பாளர் மிஸ் தொலைபேசியில் எடுத்து, "இன்னொரு முறை வருமெண்டு சொல்ல ஏலாது நிஸ்ரின்" என்றார். "தெரியும் மிஸ்" என்றாள் அவள். அன்றைக்குப் பின்னேரம் பொலிஸ் ஜீப் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது. உள்ளே வந்து சிங்களத்தில் நாலு கேள்வி கேட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். மஸாஹிரின் கடை திறந்தேயிருந்தது. வழியில் கண்டால் இப்போதும் நின்று சலாம் சொன்னான்.

அஃப்ராஸை அனுராதபுரத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலை வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். முறைக்கு நின்ற ஆசிரியர்களுக்கு ஒவ்வொருவராக வேறு வேலை வந்தது. நிஸ்ரின் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கேற்றடியில் இருந்தாள். புதுப் பூட்டுப் போட்டாயிற்று. ஆனால் கம்பிகளுக்கு ஊடாக ஒரு கை தாராளமாக வரும். அப்பால் களப்பு. கவிழ்த்துப் போட்ட தோணியில் வாலிபர்கள் சிலர் இருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, கதைக்கவுமில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். தொழுகைக்குத் தெரிந்த ஓதல்களெல்லாம் வாய்க்குள் ஓடின. பத்து நிமிடம் போனால் பயம் போய்விடும் என்று பழைய வழக்கத்தில் காத்திருந்தாள். போகவில்லை.

அப்படியொரு பின்னேரம், முன்கேற்றால் றஹ்மத் உம்மா வந்தாள். தலையில் ஒரு சாக்கு. கையில் பிளாஸ்டிக் கதிரை. மைதானத்தைக் குறுக்கே கடந்து நேராகப் பின்கேற்றடிக்கு வந்து, சாக்கை இறக்கி அவிழ்த்தாள். தோட்டக்காரரிடம் கூலிக்கு, காய்ந்த தாளை நறுக்கிக் கொடுக்கவென்று எடுத்து வந்த சின்ன வெங்காயம்.

"இத எப்பிடியும் நறுக்கத்தானே வேணும்," என்றாள், நிஸ்ரினைப் பார்க்காமல். "எங்க இருந்து நறுக்கினா என்ன. நீங்க போய்ப் புள்ளைகளப் பாருங்க டீச்சர்."

"உங்களுக்குப் பயமில்லையா?"

"பயம்தான்." கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டினாள். "வீட்டுல இருந்தாலும் பயமாத்தான் இரிக்கு."

அடுத்த நாள் அவளோடு சுல்பா வந்தாள். ஆறாம் வகுப்பில் மகள் படிக்கிறவள். பிறகு வேறு இருவர். எல்லாருக்கும் ஒரே தோட்டக்காரரின் வெங்காயம்தான். ஒருவரும் வெளியே பார்க்கவில்லை. வேலை ஓடும்போது கதைக்கிற கதைகளைத்தான் கதைத்தார்கள்: தேங்காய் விலை, யாருடையதோ வலீமா விருந்து, குவைத்திலிருந்து வராத ஒரு போன். தோணியில் இருந்தவர்களும் எழும்பிப் போகவில்லை. முந்தியை விட இரண்டு பேர் கூட.

நிஸ்ரின் மண்டபத்துக்குள் நின்று விகிதசமம் படிப்பித்தாள். ஏதாவது விழும் சத்தம் கேட்டாலே சோக்கைப் பிடித்த கை நின்றது. ஜன்னலடிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். களப்பிலிருந்து காற்று எழும்பியிருந்தது. பெண்களின் மடியிலிருந்து வெங்காயச் சருகுகள் கிளம்பி, இளஞ்சிவப்பாக, மெல்லிசாக, சுழன்று சுழன்று சுவரோரம் ஏறி, பிறகு காற்றுத் திரும்பியதும் கேற்றுக் கம்பிகளுக்கு ஊடாக அப்பால் போயின. தோணியில் இருந்த ஒருவனின் தலைமயிரில், சேட்டில், மடியில் வந்து ஒட்டின. அவன் தட்டிவிட்டான். திரும்பவும் ஒட்டின. தட்டிவிட்டுக்கொண்டே அவன் கேற்றைப் பார்த்தான். கேற்றுக்கு இந்தப் பக்கம் கத்திகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை.